தொலைதூரத் துயரும் ஊராட்சிகளின் கடமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

உலகில் எங்கேனும் ஓரிடத்தில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது, கடல் பொங்கி ஊர்களை அழித்தது என்ற செய்தி வந்தவுடன் நமது கிராமங்களிலும் மக்கள் மனம் இளகுகிறது. டீக்கடையிலும் ஊர்ச் சாவடியிலும் அதே பேச்சாக இருக்கிறது. “நம்மால் ஆனதைச் செய்ய வேண்டாமா?” என்று யாரேனும் ஒருவர் கேட்கிறார். அக்கேள்வி மிக உயர்ந்தது. ஆயினும் அதற்கு உடனே கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். வீட்டுக்கு வீடு பழந்துணிகளைத் திரட்டுகிறோம். ஒரு லாரியை அமர்த்துகிறோம். முன்புறம் ஊர்ப் பெயரெழுதிய துணியைக் கட்டி அனுப்பி வைக்கிறோம். அவ்வுதவி உரியவரை அடைந்ததா, அடைந்ததனால் அவருக்கு நன்மை விளைந்ததா என்பதைப் பின்னர் விசாரிப்பவர் மிகச் சிலரே.

உதவ வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுவது. உதவும் முறையோ கற்றறிந்து கொள்ள வேண்டுவது. விதை நல்லதாயினும் பருவமும் பதமும் தவறினால் பயிர் தேறாது என்பதை விவசாயிகளுக்கு எடுத்துக் கூறத் தேவையில்லை. தொலைவிலிருந்து செய்யும் உதவியும் அத்தகையதே. 2011ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய பூகம்பமும் ஆழிப்பேரலையும், அவற்றைத் தொடர்ந்து அருகிலும் தொலைவிலும் இருந்த ஊர்கள் உதவிய முறைகளும் இவ்விஷயத்தில் நமக்குச் சிறந்த பாடங்களாக உள்ளன. அவற்றை ஆராய்ந்து, நமது ஊராட்சிகள் கைக்கொள்ளத்தக்கவை யாவை என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது என்ன?

2011 மார்ச் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2 மணி 46 நிமிடத்திற்குக் கடலடியில் 9.0 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. ஜப்பானில் கருவிகளைக் கொண்டு அளக்கத் தொடங்கிய பின் பதிவானவற்றுள் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் பேரலைகள் கரையைத் தாக்கின. இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்கள் மிகுந்த சேதமடைந்தன. குறுகிய மலைப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் நீர் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 15,900 பேர். மேலும் சுமார் 2,500 பேர் இன்று வரை காணாமற்போனோர் பட்டியலில் உள்ளனர். 4,50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தும் வீட்டை விட்டு நீங்கியும் முகாம்களில் தங்க நேர்ந்தது. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் உலைகளைக் குளிர்விக்கும் ஏற்பாடு செயலிழந்து கதிரியக்கம் வெளிப்பட்டமையால், அலை தொடாத ஊர்களின் மக்களும் குடிபெயர்ந்தனர்.

விவசாயிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 20,000 எக்டேருக்கு மேற்பட்ட விளைநிலம், அதாவது ஏறத்தாழ 50,000 ஏக்கர், கடல்நீரில் மூழ்கியது. அதில் பெரும்பகுதி நன்செய் நிலமாகும்.

ஜப்பான் செல்வமிக்க நாடு. 1896ஆம் ஆண்டிலும் 1933ஆம் ஆண்டிலும் அதே கரையில் பேரலைகள் வந்து அழிவு செய்தமையால், தடுப்புச் சுவர்களும் ஒத்திகைகளும் அந்நாட்டில் வழக்கத்தில் இருந்தன. அத்தகைய நாடும் பிறர் உதவியை ஏற்க வேண்டியதாயிற்று. 160க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் உதவ முன்வந்தன. ஆப்கானிஸ்தானத்தில் போரால் நொந்திருந்த காந்தஹார் நகரமும் 50,000 டாலர் அளிப்பதாக அறிவித்தது. உதவுவதற்குச் செல்வம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் முறை இருந்தாக வேண்டும். அம்முறை தவறினால் என்ன நேரும் என்பதை ஜப்பானியர் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர்.

குவிந்த பொருள்களும் குறைந்த பயனும்

1993 ஜூலை 12ஆம் நாள் இரவு, ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஒகுஷிரி என்னும் சிறு தீவைப் பூகம்பமும் பேரலையும் தாக்கின. சுமார் 200 பேர் மாண்டனர். செய்தி அறிந்த நாட்டு மக்கள் அனைவரும் மனமிரங்கிப் பொருள்களை அனுப்பினர். ஐயாயிரத்துக்கும் குறைவான மக்கள் வசித்த அத்தீவுக்கு ஏறத்தாழ 5,000 டன் பொருள்கள் வந்து சேர்ந்தன. கணக்கிட்டால் ஆளுக்கு ஒரு டன்னாகிறது! அவற்றை வைக்க இடமின்றித் தற்காலிகக் கிடங்கு கட்ட நேர்ந்தது. பழந்துணிகளும் கெட்டுப்போன உணவுகளும் ஒன்றாகக் கலந்து வந்த மூட்டைகளைப் பிரித்து அடுக்குவதற்கு ஆட்கள் போதவில்லை. முடிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எவருக்கும் பயன்படாமல் அழிக்கப்பட்டது. கிடங்குக்கும், அழிப்பதற்கும் ஆன செலவை அத்துயருற்ற ஊரே தாங்கியது. தேவையற்ற பொருள்களின் வருகையை ‘இரண்டாவது பேரிடர்’ என்று நிவாரணப் பணியாளர் அழைப்பது இதனாலேயே.

இது நமக்கும் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திரா அருகே ஏற்பட்ட பூகம்பத்தால் எழுந்த பேரலை, தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். உள்நாட்டு ஊர்களிலிருந்து அன்பு மிகுதியால் அனுப்பப்பட்ட பழந்துணிகள் அம்மாவட்டத்தின் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையிலும் புழுதியிலும் வீணானதைப் பலர் கண்டனர். உழைத்து உண்டு மானத்தோடு வாழ்ந்த மீனவக் குடும்பத்தார், பிறர் உடுத்துக் கழித்த துணியைத் தெருவில் பொறுக்க மனம் ஒப்பவில்லை. அவர்களைக் குறை கூறுவது தகாது. நமது வீட்டுத் திருமணத்திற்கு ஒருவர் கிழிந்த துணியைக் கொண்டுவந்து மொய்யாக வைத்தால் நமக்கு எவ்விதம் இருக்குமோ, துக்க வீட்டாருக்கும் அவ்விதமே இருக்கும்.

இப்பாடத்தை 2011இல் ஜப்பானியர் மறக்கவில்லை. பல மாகாணங்களும் நகராட்சிகளும் பொதுமக்களிடமிருந்து பழந்துணிகளைப் பெற மறுத்தன. புதிய பொருளாக இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருளே இருக்க வேண்டும். பெட்டியின் வெளிப்புறத்தில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் வேலையைத் துயருற்றவர் தலையில் சுமத்தாமல், அனுப்புவோர் தாமே முடித்து அனுப்ப வேண்டும் என்பதே இதன் கருத்து.

முன்கூட்டியே ஆயத்தமான தோனோ

உதவும் ஊர்களுள் சில கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இருவகை ஊர்களுக்கும் வெவ்வேறு கடமைகள் உண்டு. முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் இவாத்தே மாகாணத்திலுள்ள தோனோ என்னும் சிறு நகரமாகும்.

தோனோ மலைகள் சூழ்ந்த உள்நாட்டுச் சமவெளியில் அமைந்தது. ஏறத்தாழ 30,000 மக்கள் வசிப்பது. விவசாயமே முக்கியத் தொழில். கடலலை அங்கு வர வழியில்லை. ஆயினும் அங்கிருந்து கடலோரத்துக் காமாய்ஷி, ஓத்சுச்சி, ஓஃபுனாத்தோ, ரிக்குசென்தக்காத்தா முதலிய ஊர்களுக்குச் சாலைகள் பிரிந்து செல்கின்றன. யாவும் சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் அடையத்தக்கவை. இதை உணர்ந்த தோனோ நகராட்சி, “கரையில் பேரலை வந்தால் நம் ஊரே பின்நின்று தாங்கும் தளமாக விளங்க வேண்டும்” என்று பேரிடருக்குச் சில ஆண்டுகள் முன்னரே தீர்மானித்தது. எந்த மைதானத்தில் படையினர் தங்குவது, எந்தக் கட்டடத்தில் பொருள்களை வைப்பது, எந்தச் சாலை வழியே அனுப்புவது என்று திட்டம் வகுத்தது. 2008இல் ஜப்பானியத் தற்காப்புப் படையும் கரையோர ஊர்களும் பங்குகொண்ட பெரியதோர் ஒத்திகைக்குத் தன் ஊரில் இடம் கொடுத்தது.

2011 மார்ச் 11 அன்று தோனோவும் குலுங்கியது. நகராட்சி அலுவலகக் கட்டடமே பயன்படுத்த இயலாதபடி சிதைந்தது. அலுவலர்கள் வெளியே கூடாரம் அமைத்துப் பணியைத் தொடங்கினர். அன்று நள்ளிரவுக்குப் பின் ஓத்சுச்சியிலிருந்து ஒருவர் மலைப்பாதையைக் கடந்து வந்து, பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்துள்ள மக்களுக்கு உணவும் நீரும் இல்லை என்று தெரிவித்தார். பொழுது விடியுமுன் தோனோ அலுவலர்கள் வண்டியில் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். எதை ஏற்றுவது, யாரைக் கேட்பது என்று தயங்கி நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. அவை யாவும் முன்பே பேசி முடித்தவை.

அடுத்த நாட்களில் ஊர் மக்கள் திரண்டு சோற்றுருண்டைகள் பிடித்து அனுப்பினர். மைதானங்களிலும் பொதுக் கூடங்களிலும் படையினர், காவலர், தீயணைப்போர், மருத்துவர், தொண்டர் யாவரும் தங்கிக் கரைக்குச் சென்று வந்தனர். மார்ச் மாத இறுதியில் உள்ளூர் மக்களே தொண்டர் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, வெளியூர்த் தொண்டர்களுக்கு உறைவிடமும் வேலைப் பங்கீடும் ஏற்படுத்தினர்.

கரையோர மாவட்டங்களில் கடலுக்குச் சற்று உட்பட்டு அமைந்துள்ள நமது ஊராட்சிகள் தம்மைத் தோனோவின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமது ஊரில் சமுதாயக் கூடம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, குடிநீர்த் தொட்டி உண்டு, கோவில் விழாவுக்குச் சமைக்கும் பெரும் பாத்திரங்கள் உண்டு. இவை யாரிடம் உள்ளன, சாவி யார் கையில் உள்ளது, எத்தனை பேருக்குப் போதும் என்ற பட்டியல் மட்டும் பெரும்பாலான ஊர்களில் இல்லை.

ஓர் ஊருக்கு ஓர் ஊர்

நெடுந்தொலைவில் உள்ள ஊர்கள் செய்யத்தக்கது யாது? இதற்கு ஜப்பானின் மேற்குப் பகுதியிலுள்ள கன்சாய் மாகாணங்கள் வழிகாட்டின. 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் அழித்து 6,400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பூகம்பத்தை அனுபவித்தவர்கள் அப்பகுதி மக்கள். 2011இல் பேரலை வந்த இரண்டாம் நாளே அம்மாகாணங்கள் தம்முள் பேசிப் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டன. ஹியோகோ, தோக்குஷிமா, தொத்தோரி ஆகியவை மியாகியைக் கவனிப்பது; ஒசாகாவும் வாக்காயாமாவும் இவாத்தேயைக் கவனிப்பது; கியோத்தோவும் ஷிகாவும் ஃபுகுஷிமாவைக் கவனிப்பது என முடிவாயிற்று. தத்தம் அலுவலர்களை அவ்விடங்களுக்கு அனுப்பி, என்ன தேவை என்பதை நேரில் கேட்டறிந்து, அதன்படி பொருளும் ஆளும் அனுப்பின.

இம்முறையின் நன்மை தெளிவானது. எல்லாரும் எல்லாருக்கும் உதவப் புகுந்தால், செய்தித்தாளில் பெயர் வந்த ஊருக்கு நூறு லாரிகள் செல்லும். பெயர் வராத ஊருக்கு ஒன்றும் செல்லாது. இன்ன ஊருக்கு இன்ன ஊர் பொறுப்பு என்று ஏற்பட்டுவிட்டால் விடுபடுவோர் இலர். உதவி பெறுவோரும் யாரைக் கேட்பது என்று திகைக்க வேண்டுவதில்லை. முதல் மாதத்தோடு உதவி நின்றுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடரவும் இது வழி செய்கிறது.

துயருற்ற ஊராட்சிகளுக்குத் தேவைப்பட்டது எது என்று அறிந்தால் நமது அங்கத்தினர்கள் வியப்படைவர். அரிசியும் போர்வையும் சில வாரங்களில் போதுமான அளவு வந்துவிட்டன. நெடுநாள் பற்றாக்குறையாக இருந்தவர்கள் எழுத்தர்களும் பொறியாளர்களும் செவிலியருமே! ஓத்சுச்சியில் நகராட்சித் தலைவரும் ஊழியர் பலரும் அலையில் மாண்டனர். ரிக்குசென்தக்காத்தாவில் ஊழியருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிரிழந்தனர். இவ்விரண்டு ஊர்களோடு மினாமிசன்ரிக்கு, ஒனகாவா ஆகிய ஊர்களிலும் குடும்பப் பதிவேடுகள் அழிந்தன. வேறோர் அலுவலகத்தில் பிரதிகள் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் அவற்றை மீண்டும் உண்டாக்க முடிந்தது.

வீடு இடிந்தது என்று சான்றிதழ் வழங்கினால்தான் குடும்பத்திற்கு நிவாரணத் தொகை கிடைக்கும். சான்றிதழ் எழுதக் கை இல்லையேல் பணம் இருந்தும் பயனில்லை. ஆகவே நகோயா மாநகராட்சி, ரிக்குசென்தக்காத்தா நகராட்சியை முழுமையாகத் தத்தெடுத்தது போல், துறைவாரியாகத் தன் ஊழியர்களை அனுப்பி அலுவலகத்தையே நடத்த உதவியது. நாடெங்குமுள்ள பிற நகராட்சிகளும் ஆண்டுக்கணக்கில் ஊழியர்களை மாற்றி மாற்றி அனுப்பி வந்தன. ஒரு நல்ல ஊராட்சிச் செயலர் ஆறு மாதம் செய்யும் பணி பத்து லாரிச் சாமான்களுக்கு மேலானது என்பதை இதனால் உணரலாம்.

பணத்தை அனுப்பும் இருவழிகள்

தொலைவிலிருந்து அனுப்புவதற்கு மிகவும் ஏற்றது பணமே. அது கெடாது, வண்டிவாடகை கேட்காது, தேவைக்கேற்ப உருமாறும். அன்றியும், பாதிக்கப்பட்ட பகுதியின் கடைகளில் செலவிடப்படும்போது அவ்வூர் வியாபாரமும் தலைதூக்கும்.

ஜப்பானியர் நன்கொடையை இருவகையாகப் பிரிக்கின்றனர். ஒன்று, துயருற்றவர் கையில் முழுவதும் நேரே சேரும் பணம். இதைச் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை வசூலித்து மாகாணக் குழுக்களிடம் ஒப்படைக்க, அக்குழுக்கள் இழப்பை ஆராய்ந்து பங்கிடுகின்றன. மற்றொன்று, களத்தில் பணிபுரியும் தொண்டு ஸ்தாபனங்களின் செலவுக்கு அளிக்கும் பணம். முன்னது நியாயமாகப் பங்கிடப்படும். ஆனால் விசாரணை முடியும் வரை தாமதமாகும். பின்னது விரைவில் வேலை செய்யும். ஆனால் ஸ்தாபனத்தின் நாணயத்தைப் பொறுத்தது. 2011இல் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு மட்டும் 30,000 கோடி யென்னுக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தது. எனினும் அது குடும்பங்களைச் சென்றடையத் தாமதம் ஏற்பட்டது என்ற குறை பரவலாக எழுந்தது. ஆகவே நன்கொடை தருவோர், தமது பணம் எவ்வகையில் சேர்கிறது என்பதை முன்னரே கேட்டறிவது நல்லது.

தைவான் மக்கள் அனுப்பிய தொகை 2,000 கோடி யென்னுக்கு மேற்பட்டதாகும். அதில் பெரும்பகுதி சாதாரண மக்கள் சிறிது சிறிதாக அளித்தது. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம் நிகழ்ந்தபோது ஜப்பானிய மீட்புக் குழுவினர் விரைந்து வந்ததை அவர்கள் மறக்கவில்லை.

மீண்டும் தொழிலில் நிற்கச் செய்தல்

உணவளிப்பது முதல் வாரத்து உதவி. உழவனை மீண்டும் ஏரோட்டச் செய்வதும், மீனவனை மீண்டும் கடலில் இறங்கச் செய்வதும் முடிவான உதவி.

கடல்நீர் புகுந்த நிலத்தில் நெல் விளையாது. முதலில் இடிபாடுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் பொறுக்கி அகற்ற வேண்டும். இதற்குத் தொண்டர்களின் கைகள் பெரிதும் உதவின. பின்னர் நல்ல நீரைப் பாய்ச்சி, நிறுத்தி, வடித்து, மீண்டும் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். ஆனால் செண்டாய்ச் சமவெளியில் தாழ்வான நிலத்து நீரை இறைத்து வெளியேற்றும் நிலையங்கள் அலையால் பழுதடைந்திருந்தன. நீரை வடிக்காமல் உப்பைக் கழுவ இயலாது. எனவே இறைப்பு நிலையங்களைச் செப்பனிடும் பொறியாளர்களின் உதவி விதை நெல்லினும் முந்தியதாயிற்று. நாகப்பட்டினத்து விவசாயிகளும் 2004க்குப் பின் உப்பைக் கழுவியும், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுதும் நிலத்தைத் திருத்தியதை நம்மவர் அறிவர்.

உப்பு முற்றும் நீங்கும் வரை உழவர் என்ன செய்வது? பருத்தி ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர். 2011இலேயே செண்டாய், நாத்தோரி பகுதிகளில் சில விவசாயிகள் நெல் வயலில் பருத்தி பயிரிட்டனர். வெளியூர் நூற்பு, ஆடை நிறுவனங்கள் அவர்களுடன் சேர்ந்து, விளைந்த பருத்தியை நூலாக்கி, ஆடையாக்கி விற்க முன்வந்தன. ‘உங்கள் விளைபொருளை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்’ என்ற உறுதி, தானமாகக் கொடுக்கும் பணத்தைவிட உழவனுக்கு மிகுந்த தெம்பளிப்பதாகும்.

மியாகிக் கரையில் சிப்பி வளர்ப்புத் தொழிலும் அழிந்தது. அதற்கு உதவிக்கரம் பிரான்ஸ் நாட்டிலிருந்து நீண்டது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன் பிரான்சின் சிப்பிகள் நோயால் மடிந்தபோது, மியாகியிலிருந்து சென்ற சிப்பிக் குஞ்சுகளே அத்தொழிலை வாழ்வித்தன. அந்நன்றியை நினைத்துப் பிரெஞ்சுச் சிப்பி வளர்ப்போர் 2011இல் கயிறுகளும் மிதவைகளும் போன்ற தொழிற்கருவிகளைத் திரட்டி அனுப்பினர். ஒரே தொழில் செய்வோர் ஆதலின் எது தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உழவருக்கு உழவரும், நெசவாளருக்கு நெசவாளரும் உதவும்போது உதவி குறி தவறுவதில்லை.

ஃபுகுஷிமா விவசாயிகளின் துன்பம் வேறு வகையானது. அவர்கள் விளைவித்த நெல்லை வாங்குவோர் அஞ்சினர். 2012 முதல் அம்மாகாணத்தில் விளைந்த அரிசி மூட்டைகள் அனைத்தையும், ஆண்டுக்குச் சுமார் 1 கோடி மூட்டைகளை, ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துச் சோதித்தனர். 2015ஆம் ஆண்டு விளைச்சல் முதல் வரம்பைக் கடந்த மூட்டை ஒன்றேனும் அச்சோதனையில் காணப்படவில்லை. இருந்தும் விலை நீண்ட காலம் தாழ்ந்தே இருந்தது. தொலைவில் உள்ளோர் வதந்தியை நம்பாமலும் பரப்பாமலும் இருப்பதே ஓர் உதவிதான் என்பது இதனால் விளங்கும். கைப்பேசியில் வந்த செய்தியையெல்லாம் பிறருக்கு அனுப்பும் பழக்கமுள்ள இக்காலத்தில் இதனை வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது.

ஆள் உதவி

நமது இந்திய நாடும் 2011இல் கம்பளிப் போர்வைகள் 25,000, குடிநீர், பிஸ்கட் ஆகியவற்றை அனுப்பியது. மார்ச் மாதக் குளிரில் பனி பெய்த நிலத்துக்குப் போர்வை பொருத்தமான உதவி. மேலும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் 46 பேர் ஒனகாவா நகருக்குச் சென்று, இடிபாடுகளில் உடல்களையும் உடைமைகளையும் தேடும் பணியில் ஈடுபட்டனர். அப்படை வெளிநாடு சென்று பணியாற்றியது அதுவே முதன்முறை. சுமார் 10,000 மக்களுள் 800க்கு மேற்பட்டோரை இழந்த ஊர் அது. இறந்தவரின் உடலைத் தேடி உறவினரிடம் ஒப்படைப்பது எத்தகைய ஆறுதல் என்பதை நாம் அறிவோம்.

பயிற்சி பெற்ற படை செல்வது ஒன்று. ஆர்வமுள்ள இளைஞர் தாமாகக் கிளம்புவது வேறு. முதல் வாரங்களில் பெட்ரோலும் தங்குமிடமும் கிடையாமையால், தொண்டர்கள் உடனே வர வேண்டாம் என்று பாதிக்கப்பட்ட பகுதியினரே கேட்டுக்கொண்டனர். பின்னர் ஊருக்கு ஊர் அமைக்கப்பட்ட தொண்டர் நிலையங்கள் வழியாகவே ஆட்கள் ஏற்கப்பட்டனர். தமது உணவு, உறைவிடம், போக்குவரத்து யாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வது தொண்டரின் முதல் விதியாக இருந்தது. பசித்தவரின் ஊருக்குச் சென்று அவர் சோற்றில் பங்கு கேட்பது உதவியாகாதன்றோ?

உதவி ஒருவழிப் பாதையன்று

1960 மே 22ஆம் நாள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 9.5 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலை பசிபிக் பெருங்கடலைக் கடந்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஜப்பானை அடைந்து சுமார் 140 உயிர்களைக் கவர்ந்தது. அவர்களுள் 41 பேர் இன்று மினாமிசன்ரிக்கு என்று வழங்கும் ஊரைச் சேர்ந்தவர்கள். ஒரே கடலால் துன்புற்ற இரு நாட்டாரும் நட்புக் கொண்டனர். ஈஸ்டர் தீவின் கற்சிலை போன்ற சிலை ஒன்று சிலியிலிருந்து அவ்வூருக்கு வந்தது. 2011இன் அலை அச்சிலையையும் சிதைத்தது. 2013இல் சிலி நாட்டினர் ஈஸ்டர் தீவின் கல்லிலேயே புதிய சிலை செய்து அளித்தனர். இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராகலாம். ஆகவே கொடுக்கும்போது தாழ்மையோடும், பெறுவோரின் மானத்தைக் காத்தும் கொடுப்பதே முறை.

நமது ஊராட்சிகள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஊராட்சிகள் நடைமுறையில் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

1. செய்தி வந்த அன்றே வசூலில் இறங்குதல் கூடாது. பாதிக்கப்பட்ட இடத்தில் என்ன கேட்கப்படுகிறது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வாயிலாகவோ அங்கீகரிக்கப்பட்ட ஸ்தாபனங்கள் வாயிலாகவோ அறிந்துகொள்க.

2. ஊரில் ஒரே குழு இருக்கட்டும். ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், இளைஞர், விவசாயி ஆகியோர் அதில் இடம்பெறுவது நல்லது. கட்சிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என வசூல் நடந்தால் மக்கள் நம்பிக்கை இழப்பர்.

3. பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருக. மொத்தத் தொகையையும், அனுப்பிய சான்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. அடுத்த கிராம சபையில் கணக்கைப் படித்துக் காட்டுக. ஊராட்சியின் பொது நிதி ஊர்ப்பணிக்கு உரியது. உரிய அனுமதியின்றி அதனை இதற்கு எடுக்கலாகாது.

4. நம் மாநிலத்தில் நேர்ந்த பேரிடருக்கு முதலமைச்சரின் பொது நிவாரண நிதியும், அயல்நாட்டுப் பேரிடருக்கு இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் தக்க வழிகளாகும்.

5. பொருள் கேட்கப்பட்டால் மட்டுமே அனுப்புக. புதியதாக, ஒரு பெட்டியில் ஒரே வகையாக, வெளியே பெயரும் அளவும் எண்ணிக்கையும் எழுதி அனுப்புக.

6. மின்பணியாளர், பம்பு பழுதுபார்ப்போர், கொத்தனார், டிராக்டர் ஓட்டுவோர், செவிலியர் ஆகியோரின் பட்டியல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து ஆண்டுதோறும் திருத்துக. அழைப்பு வந்தபின் அனுப்புக.

7. உதவி செய்த ஊரின் பெயரைக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் அவர்கள் நிலையை விசாரிக்கவும். பத்திரிகைகள் மறந்த பின் செய்யும் உதவியே மிகவும் தேவைப்படுவது.

8. நமது ஊர்ப் பதிவேடுகளின் பிரதிகள் வேறோர் இடத்தில் பாதுகாப்பாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. பிறருக்கு உதவும் ஆயத்தமும் தம்மைக் காக்கும் ஆயத்தமும் ஒன்றே.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

(அ) நமது ஊரில் ஐந்நூறு பேர் திடீரென வந்து தஞ்சம் புகுந்தால் முதல் இரவு எங்கே தங்குவர்? என்ன உண்பர்? கழிப்பிட வசதிக்கு என்ன ஏற்பாடு?

(ஆ) சென்ற முறை நமது ஊர் அளித்த நிவாரணம் எங்கே சென்றது? கணக்கு உள்ளதா?

(இ) ஊராட்சி அலுவலகம் ஒரு மாதம் இயங்காமற்போனால் மக்களுக்கு எந்தச் சான்றிதழ்கள் கிடையாமல் போகும்? அதற்கு மாற்று ஏற்பாடு யாது?

(ஈ) கடல்நீரோ வெள்ளமோ புகுந்த வயலைத் திருத்துவதில் நம் ஊர் விவசாயிகளின் அனுபவம் என்ன? அதனைப் பிற ஊரார்க்கு எவ்விதம் தெரிவிக்கலாம்?

இவ்வினாக்களை அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் எடுத்துப் பேசி, கிடைத்த விடைகளைக் குறிப்பேட்டில் பதிந்து வைப்பீர்களாக. தோனோ மக்கள் தம் மைதானத்தை அளந்து, சாலைகளைக் குறித்துக்கொண்டிருந்த நாளில் கடல் அமைதியாகவே இருந்தது. அத்தகைய அமைதியான நாட்களே நமக்கும் இப்போது வாய்த்துள்ளன. அவற்றை வீணாக்காமல் செயற்படுவது நமது கடமையாகும்.